எடையா, வம்சமா? கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பாபநாசம் பக்கத்திலிருந்து மகளிர் பிரிவுக்கு வருகிற பெண்கள், டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்பும் வெளியே வந்த பிறகும் செவிலியரான என்னிடம் கேட்பவை இவை. உள்ளே கேட்கக் கூச்சம், வெளியே வந்ததும் சந்தேகம். அவரவர் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும்.

கர்ப்பப்பை கேன்சர்னா ஒண்ணுதானே சிஸ்டர்? இதென்ன உட்சுவர்னு புதுசா?

இரண்டு இருக்கின்றன. நம் ஊரில் அதிகம் பேசப்படுவது கர்ப்பப்பை வாயில் வருவது. அது பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது, அதற்குத் தடுப்பூசி உண்டு. இன்னொன்று கர்ப்பப்பையின் உள்ளே வருவது. மாதாமாதம் வளர்ந்து, கர்ப்பம் தங்காவிட்டால் உதிர்ந்து தீட்டாக வெளியேறுகிறதே ஒரு மெல்லிய சவ்வு, அதில் தொடங்குகிறது. எண்டோமெட்ரியம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான்.

இரண்டுக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு. உட்சுவரில் வருவது பெரும்பாலும் தீட்டு நின்ற பிறகு, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு. இந்தியாவில் மார்பகம், கர்ப்பப்பை வாய் அளவுக்கு இது வருவதில்லை. ஆனால் எடை கூடுகிற இடங்களில் இதுவும் கூடுகிறது.

எனக்கு நின்னு எட்டு வருஷம் ஆச்சு. போன வாரம் ரெண்டே ரெண்டு சொட்டு பட்டுச்சு. அது சூட்டுனாலதானே?

சூடு இல்லை. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் தீட்டு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், அது சிவப்பாக இல்லாமல் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தாலும், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வெந்தயமும் மோரும் குடித்து நின்றுவிட்டது என்பார்கள். இந்த உதிரம் விட்டுவிட்டுத்தான் வரும். நின்றதற்கு மோர் காரணம் இல்லை.

பயப்பட வேண்டாம் என்பதற்கும் அலட்சியம் வேண்டாம் என்பதற்கும் சேர்த்து ஒரு கணக்கு சொல்கிறேன். நின்ற பிறகு உதிரம் பட்டவர்கள் பத்துப் பேரை எடுத்தால், ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. சவ்வு வறண்டு மெலிந்திருக்கும், இல்லாவிட்டால் சின்னச் சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்கள் பத்துப் பேரை எடுத்தால், ஏறக்குறைய ஒன்பது பேருக்கு உதிரம்தான் அடையாளம். உடம்பு இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கிற புற்றுநோய்கள் குறைவு. கர்ப்பப்பையைத் தாண்டாத கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலானவர்கள் அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடுகிறார்கள்.

இன்னும் தீட்டு நிற்காதவர்களும் கவனிக்க வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு பெரும்பாடு, இரண்டு தீட்டுக்கு நடுவே உதிரம், வாரக்கணக்கில் நிற்காமல் படுவது, இவற்றை 'நிற்கப்போகிற நேரம், அப்படித்தான் இருக்கும்' என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

ஸ்கேன்ல 'ஈ.டி. 9 மி.மீ.'ன்னு போட்டிருக்கு. அது கேன்சரா?

அது சவ்வின் தடிமன், அவ்வளவுதான். தீட்டு வருகிற பெண்ணுக்கு 9 மில்லிமீட்டர் சாதாரணம். மாதத்தில் எந்த நாளில் ஸ்கேன் எடுத்தோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். நின்ற பிறகு உதிரம் பட்டவருக்கு மட்டும் 4 மில்லிமீட்டர் ஒரு எல்லை. அதற்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தாண்டினால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சதை எடுப்பது என்றதும் பலர் மயக்க மருந்து, தியேட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஸ்ட்ராவைவிட மெல்லிய ஒரு குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிஷம், தீட்டு வலி போல இழுத்துப் பிடிக்கும், அன்றே பஸ் ஏறி ஊருக்குப் போகலாம். போதுமான சதை கிடைக்காவிட்டால் டி அண்ட் சி, அதாவது உட்சுவரைச் சுரண்டி எடுப்பது, அல்லது கேமரா வைத்துப் பார்ப்பது. ஒன்று மட்டும்: ஸ்கேன் 3 மி.மீ. என்று சொன்னாலும், உதிரம் திரும்பத் திரும்பப் பட்டால் சதை எடுக்கச் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை டெஸ்ட் பண்ணி நார்மல்னு சொல்லிட்டாங்களே?

அங்கே பார்த்தது கர்ப்பப்பை வாயை. அதைச் செய்துகொண்டது நல்லது, ஆனால் உட்சுவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் அப்படித்தான்.

குண்டா இருந்தா கர்ப்பப்பையில ஏன் வரணும்? வயித்துக் கொழுப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும் மூட்டை இல்லை. ஹார்மோன் தயாரிக்கிற இடம். உட்சுவரை வளர வைக்கிற ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி, முதிர வைத்து, உதிர வைக்கிறது புரோஜெஸ்டிரோன். தீட்டு வருகிற காலத்தில் சூலகம் இரண்டையும் மாறி மாறிச் சுரக்கும். தீட்டு நின்றதும் புரோஜெஸ்டிரோன் நின்றுவிடுகிறது. ஆனால் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனைக் கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும், தடுக்க ஆள் இல்லை. யூரியாவை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் நெல் கருகருவென்று வளர்ந்து சாயுமே, அப்படி உட்சுவர் தாறுமாறாகத் தடிக்கிறது. அந்தத் தடிப்பில் சில வருஷங்களில் ஒரு பகுதி புற்றுநோயாக மாறலாம்.

இன்னும் இரண்டு வழி உண்டு. எடை கூடினால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கும். அது செல்களைப் பெருகத் தூண்டும். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தையும் அது குறைத்துவிடும். அதனால் பிடிபடாமல் அலையும் ஈஸ்ட்ரோஜன் கூடும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

நான் கொஞ்சம் பூசினாப்ல இருக்கேன், அவ்வளவுதான். எத்தனை கிலோன்னா அதிகம்?

உயரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. வெளிநாட்டு அட்டவணையில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்று இருக்கும். நமக்கு அது பொருந்தாது. அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால் இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள்.

இங்கே வருகிறவர்களில் பலர் 150 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த உயரத்துக்கு 52 கிலோவில் 23 வந்துவிடும், 56-ஐத் தாண்டினால் 25. அறுபது கிலோவில் 'நான் குண்டா?' என்று கோபித்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி.

அப்ப எனக்கு வந்துடும்ங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. பி.எம்.ஐ. ஐந்து கூடினால் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. மேலே சொன்ன 150 சென்டிமீட்டர் பெண்ணுக்கு அது சுமார் 11 கிலோ. மிக அதிகப் பருமனில், பி.எம்.ஐ. 40-ஐத் தொடும்போது, ஆபத்து ஏழு மடங்கு வரை போகிறது. எடையோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிற புற்றுநோய் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் மடங்கு என்பது எதன் மேல் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வாழ்நாளில் நூறு பெண்களில் சுமார் மூன்று பேருக்கு இது வருகிறது. இங்கே அதைவிடக் குறைவு. அந்தச் சின்ன எண் இரண்டு மடங்கானாலும் பருமனான பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை. ஆகவே எடை அதிகம் என்பதற்காக, அறிகுறி ஒன்றும் இல்லாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். உதிரம் பட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

நடவு, களைன்னு வயல்லயே கிடந்தவ நான். எனக்கு எப்படி எடை ஏறும்?

கிடந்தீர்கள், சரி. இப்போது நடவை இயந்திரம் நடுகிறது, அறுப்பை இயந்திரம் அறுக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று குனிந்து நிமிர்ந்த உடம்புக்கு இப்போது வருஷத்தில் பாதி நாள் வேலை இல்லை. சோற்றின் அளவு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. நடுவில் சர்க்கரை போட்ட டீ நான்கு தடவை. தீட்டு நின்ற வயதும் இந்த மாற்றமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அன்றாட உழைப்பும் நடையும் எடையைக் குறைக்காவிட்டாலும் தனியாகவே இந்த ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன.

குறைச்சா ஆபத்து குறையுமா? இல்ல ஏறினது ஏறினதுதானா?

குறையும். அமெரிக்காவில் தீட்டு நின்ற 36,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-இல் வந்தது. தன் எடையில் நூற்றுக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 29 சதவீதம் குறைவாக வந்தது. பருமனாக இருந்து, வேண்டுமென்றே முயன்று குறைத்தவர்களுக்கு 56 சதவீதம் குறைவு. நூற்றுக்கு ஐந்து என்றால் 70 கிலோ பெண்ணுக்கு மூன்றரை கிலோ. பழைய கல்யாண ஃபோட்டோவில் இருந்த உடம்புக்குத் திரும்ப வேண்டியதில்லை.

முயற்சி இல்லாமல் எடை தானாக இறங்கினால் அது வேறு விஷயம். அதைக் காட்ட வேண்டும்.

என் மகளுக்கு நீர்க்கட்டி. 22 வயசு. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது. கல்யாணம் ஆனா சரியாயிடும்ங்கறாங்க.

கல்யாணம் மருந்து இல்லை. நீர்க்கட்டிப் பிரச்சினையில் முட்டை ஒழுங்காக வெளிவராது. முட்டை வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. யூரியா கணக்கு இங்கேயும் அதேதான், வயதுதான் வேறு. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். சின்ன வயதில் இது மிக அரிது என்பதால் பீதி வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தீட்டே வராமல் விடக் கூடாது. எடையைக் கொஞ்சம் குறைத்தாலே சிலருக்கு ஒழுங்காகிவிடும். ஆகாவிட்டால் தீட்டை வரவைக்க டாக்டர் மாத்திரை தருவார்.

'கருத்தடை மாத்திரையைக் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கொடுக்கிறார்களே' என்று மாத்திரை அட்டையைப் பைக்கு அடியில் ஒளித்து வைக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரை உட்சுவர்ப் புற்றுநோயிலிருந்து காக்கிறது. ஐந்து வருஷம் சாப்பிட்டால் ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நிறுத்திய பிறகும் பல வருஷம் அந்தக் காப்பு நீடிக்கிறது. ரத்தக்கொதிப்பு, ரத்தம் உறையும் தொந்தரவு போன்றவை உள்ளவர்களுக்கு அது ஆகாது. டாக்டர் கேட்டுத்தான் கொடுப்பார்.

கும்பாபிஷேகத்துக்கு, வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மாத்திரை போட்டுத் தள்ளிப்போட்டிருக்கேன். அதனால வருமா?

வராது. தள்ளிப்போடுகிற மாத்திரை புரோஜெஸ்டிரோன் வகை; உட்சுவரை வளர்ப்பது அதன் வேலை இல்லை. எடை அதிகமுள்ளவர்களும் காலில் ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்களும் மருந்துக்கடையில் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது என்பது மட்டும் உண்மை. அது வேறு காரணத்துக்காக.

பிராய்லர் கோழி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், காப்பர் டி... இதுல எதுதான் காரணம்?

மூன்றும் இல்லை. காப்பர் டி வைத்தவர்களுக்கு இது கொஞ்சம் குறைவாகவே வருகிறது. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய மருந்து டமாக்சிஃபென். மார்பகப் புற்றுநோய்க்கு வருஷக்கணக்கில் கொடுப்பது. தீட்டு நின்றவர்களுக்கு உட்சுவர் ஆபத்தைக் கூட்டும். அதற்காக அதை நிறுத்திவிடக் கூடாது, அதனால் கிடைக்கும் நன்மை பெரிது. சாப்பிடும் காலத்தில் உதிரம் பட்டால் உடனே சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இது வந்துச்சு. அப்ப எனக்கும் எழுதி வச்சதுதானா?

இல்லை. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. மடங்கை எப்படிப் படிக்க வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு பகுதி, வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு, ஒரே உடல்வாகு என்பதால் வருவது.

கண்டிப்பான பரம்பரை என்று சொல்லத்தக்கது வேறு. உட்சுவர்ப் புற்றுநோய் வந்தவர்கள் நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு லிஞ்ச் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு இருக்கும். எண்ணிக்கை சிறிது, ஆனால் அந்த மூன்று குடும்பங்களுக்கு ஆபத்து மிகப் பெரிது.

லிஞ்ச்னா என்ன? அது எப்படி வம்சத்துல வருது?

செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகல் எடுக்கிறது. நகலில் தவறு விழும். அதைத் திருத்துவதற்கென்றே மரபணுக்கள் உண்டு: எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் திருத்தும் வேலை எளிதில் முடங்கி, தவறுகள் சேரும். முக்கியமாகக் குடலிலும் கர்ப்பப்பை உட்சுவரிலும் புற்றுநோய் வரும். சிலருக்குச் சூலகம், இரைப்பை, சிறுநீர்க்குழாய். எழுபத்தைந்து வயதுக்குள் உட்சுவரில் வரும் வாய்ப்பு, முதல் மூன்று மரபணுவுக்கும் நூற்றுக்கு 35 முதல் 50 வரை, பி.எம்.எஸ்.2-க்கு 13 அளவில். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இது முதலில் வெளிப்பட்டதே ஒரு தையல்காரப் பெண்ணால்தான். 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், வார்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றாள் அவருக்குத் துணி தைத்தவள். அவர் அதைத் தள்ளிவிடாமல் குடும்பத்தை விசாரித்து 1913-இல் எழுதினார். அவள் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்துபோனாள். ஹென்றி லிஞ்ச் 1966-இல் இத்தகைய குடும்பங்களை விவரித்து எழுதிய பிறகு அவர் பெயர் நிலைத்தது. அந்தத் தையல்காரியின் வம்சத்தில் பழுதானது எம்.எஸ்.ஹெச்.2 என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். பெயர் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்க வீட்டுல யாருக்கும் கர்ப்பப்பையில இல்ல. அப்பாவுக்கும் அத்தைக்கும் குடல்ல வந்துச்சு. அது இதுல சேருமா?

சேரும். இந்த ஒரு பதிலைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பெண்கள் நோய் என்றதும் எல்லோரும் அம்மா வழியை மட்டும் சொல்கிறார்கள். அப்பா வழியிலும் வரும், ஆண்கள் வழியாகவும் வரும். தாத்தாவுக்குக் குடலில், அப்பாவுக்குக் குடலில், மகளுக்குக் கர்ப்பப்பையில் என்று ஒரே கோளாறு இறங்கி வரலாம்.

வீட்டுக்குப் போனதும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கிளைப்படம் போடுங்கள். தாத்தா பாட்டி இரண்டு பக்கமும், அப்பா அம்மா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி, கூடப்பிறந்தவர்கள். யாருக்கு எங்கே புற்றுநோய், எந்த வயதில். ஒரே வழியில் மூன்று பேருக்கு மேலே சொன்ன லிஞ்ச் புற்றுநோய்கள், இரண்டு தலைமுறை, ஒருவராவது ஐம்பதுக்குள் என்றால் சந்தேகம் பலம். ஐம்பதுக்குள் ஒரே ஒருவருக்குக் குடலிலோ உட்சுவரிலோ வந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கிளைப்படம் போடும்போது இரண்டு ஏமாற்றம் வரும். ஒன்று, 'வயித்து வலியில போயிட்டார்', 'ரத்தபேதி' என்று மட்டும் ஞாபகம் இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள். இரண்டு, நம் பக்கத்தில் கட்டி, பெரும்பாடு என்று முப்பத்தைந்து வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். எடுத்துவிட்ட கர்ப்பப்பையில் புற்றுநோய் வராது. ஆகவே அம்மாவும் சித்தியும் கோளாறைச் சுமந்திருந்தும் படத்தில் தெரியமாட்டார்கள். அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

மாமன் மகனையே கட்டிக்கிட்டோம். சொந்தத்துல கட்டினதாலதான் வந்துச்சா?

அதனால் இல்லை. லிஞ்ச் வர ஒருவரிடமிருந்து வரும் ஒரு பழுது போதும். அந்நியத்தில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். சொந்தத்தில் கட்டும்போது வேறு ஒரு விஷயம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து அதே பழுதைப் பெற்றிருந்தால், பிள்ளைக்கு நாலில் ஒரு வாய்ப்பு இரண்டு பழுதும் சேர்ந்து இறங்க. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மூளை, ரத்தம், குடல் புற்றுநோய்கள் வரும். மிக அரிது. ஆனாலும் குடும்பத்தில் லிஞ்ச் உறுதியாகி, அக்கா மகளையோ மாமன் மகளையோ பேசி வைத்திருந்தால், கல்யாணத்துக்கு முன் இருவரும் ஆலோசனைக்குப் போவது அவசியம்.

நான் 45 கிலோதான். ஒல்லிக்கு வராதுல்ல?

எடையால் வருவது குறைவு. லிஞ்ச் எடை பார்ப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனோடு பெரிய தொடர்பில்லாத முரட்டு வகை ஒன்றும் உண்டு, வயதான ஒல்லிப் பெண்களுக்கும் வரும். உதிரத்துக்கான விதி உங்களுக்கும் அதேதான்.

அக்காவுக்கு 46 வயசு, 92 கிலோ. 'எடையாலதான் வந்திருக்கு'ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஜீன் டெஸ்ட் எதுக்கு?

எடையைக் கண்டதும் விசாரணையை முடித்துவிடுவது எனக்கு ஏற்பில்லை. 92 கிலோ என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் பருமனான பெண்ணுக்கும் லிஞ்ச் இருக்கலாம். 46 வயது என்பதே கேட்க வைக்கிற வயது.

பிரித்தறிய வழி உண்டு. எடுத்த கட்டியிலேயே மேலே சொன்ன நான்கு மரபணுக்கள் உண்டாக்கும் திருத்தும் புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பார்கள். எல்லாப் புரதமும் இருந்தால் லிஞ்ச் வாய்ப்பு மிகக் குறைவு. எம்.எஸ்.ஹெச்.2 அல்லது எம்.எஸ்.ஹெச்.6 இல்லாவிட்டால் ரத்தத்தில் மரபணுச் சோதனை. எம்.எல்.ஹெச்.1 இல்லாவிட்டால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது பரம்பரை இல்லை, கட்டிக்குள் மட்டும் அந்த மரபணு மெத்திலேஷன் என்ற முறையில் அணைந்து போயிருக்கும். அதைத் தனியாகச் சோதித்து, மெத்திலேஷன் இல்லை என்றால்தான் ரத்தச் சோதனை. பிரிட்டனில் 2020 முதல் உட்சுவர்ப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் இந்தக் கட்டிச் சோதனையைப் பரிந்துரைக்கிறார்கள், எடை எவ்வளவாக இருந்தாலும்.

இன்னொரு பலனும் உண்டு. திருத்தும் புரதம் இல்லாத கட்டிகள், நோய் முற்றியிருந்தால், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புது மருந்துகளுக்கு நன்றாக மசிகின்றன. ஆகவே சதை ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள். மெழுகில் பதித்த கட்டித்துண்டு எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்பட்டால் அதில் சோதிக்கலாம்.

பரம்பரைன்னு ஆயிட்டா, எடையைக் குறைச்சு என்ன பிரயோஜனம்?

லிஞ்ச் உள்ளவர்களின் உட்சுவரில், எடையின் பங்கு மற்றவர்களுக்கு இருப்பதைப் போலத் தெளிவாக இல்லை. ஆனால் லிஞ்ச் உள்ளவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பருமனானவர்களுக்குக் குடல் புற்றுநோய் அதிகம் வந்தது. கர்ப்பப்பை அறுவை சிகிச்சை பின்னால் தேவைப்பட்டால் மயக்க மருந்துக்கும் எடை குறைவாக இருப்பது நல்லது.

அதே ஆய்வில் செரிமானமாகாத மாவுச்சத்து தினம் 30 கிராம் கொடுத்தவர்களுக்கு, பெருங்குடலுக்கு வெளியே வரும் சில லிஞ்ச் புற்றுநோய்கள், முக்கியமாக இரைப்பை, மேல்குடல் பக்கம், குறைந்தன. 'அப்படியானால் பழைய சோறு' என்று தஞ்சாவூர்க்காரர்கள் உடனே கண் விரிப்பார்கள். ஆறிய சோற்றில் அந்த மாவு கொஞ்சம் கூடுவது உண்மை. ஆய்வில் கொடுத்த அளவுக்கு வராது, உட்சுவருக்கு என்று நிரூபணமும் இல்லை. பழைய சோறு பிடித்தால் சாப்பிடுங்கள், அளவோடு.

பேசாம கர்ப்பப்பையையே எடுத்துட்டா?

எடை அதிகம் என்பதற்காக எடுப்பது தவறு. லிஞ்ச் உறுதியானவர்களுக்கு மட்டும், பிள்ளைப்பேறு முடிந்ததும், பொதுவாக நாற்பதை ஒட்டி, கர்ப்பப்பையும் சூலகமும் எடுப்பதைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். அதுவரை முப்பது, முப்பத்தைந்து வயதிலிருந்து வருஷா வருஷம் சதை எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. எடுத்த பிறகு உட்சுவர்ப் பயம் போகும். குடல் பயம் போகாது. ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெருங்குடலைக் கேமரா வைத்துப் பார்ப்பது தொடரும். எடுத்துவிட்டோம் என்று அதை விட்டுவிடக் கூடாது.

டெஸ்ட் எல்லாம் எங்க எடுக்கறது? நம்ம ஊர்ல முடியுமா?

ஸ்கேன், சதைப் பரிசோதனை, அறுவை சிகிச்சைக்குச் சென்னை போக வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவும். அட்டை இல்லாதவர்கள் முதல் நாளே அதற்கான கவுண்டரில் கேட்க வேண்டும். மரபணு ஆலோசனைக்கு அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள். போகும்போது கிளைப்படம், நோய் வந்தவரின் சதை ரிப்போர்ட், முடிந்தால் அவரையே அழைத்துப் போங்கள். நோய் வந்தவரை முதலில் சோதித்துப் பழுது எதில் என்று தெரிந்தால், மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும்.

ஜீன்ல இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா எம் பொண்ணுக்கு எப்படி வரன் வரும்?

இந்தப் பயம் நியாயமானது. இதை அசட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரிப்போர்ட் சோதித்துக்கொண்டவருக்கு மட்டும் சொந்தம். உங்களுக்கு இருக்கிறது என்பதால் மகளுக்கும் இருக்கிறது என்று ஆகாது. மேலே சொன்ன பாதிக்குப் பாதிதான். பதினெட்டு வயதுக்கு முன் சோதிப்பதில்லை. அதன் பிறகு அவள் விருப்பம். யாரிடம் எப்போது சொல்வது என்பதும் அவள் முடிவு.

மகளிடமும் மகனிடமும் மட்டும் மறைக்காதீர்கள். மகனையும் சேர்த்துத்தான், அவனுக்குக் குடல் ஆபத்து, அவன் பெண் பிள்ளைகளுக்கு இரண்டும். இருபத்தைந்து வயதில் தெரிந்தால் கல்யாணம், பிள்ளை, பரிசோதனை எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொள்ள நேரம் இருக்கிறது.

ஜீன் ரிப்போர்ட்ல 'வி.யு.எஸ்.'னு வந்திருக்கு. பாசிட்டிவா நெகட்டிவா?

இரண்டும் இல்லை. மரபணுவில் ஒரு மாற்றம் தெரிகிறது, அது கெடுதலா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். இதை வைத்துக் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது, மற்றவர்களைச் சோதிக்கவும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் குடும்ப வரலாறு சொல்கிற அளவுக்குக் கவனிப்பு போதும். இத்தகைய மாற்றங்கள் பல, பின்னால் 'கெடுதல் இல்லை' என்று மாற்றப்படுகின்றன. சோதித்த இடத்தில் ஃபோன் நம்பரைப் புதுப்பித்துக் கொடுங்கள். ஓரிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, முடிவு மாறியிருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள், அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று இருக்க வேண்டாம்.